ஆறிடுச்சு, எடு

அன்று காலை பட்டறைக்குள் இருந்தவர்கள்: நீதிமன்றம் அனுப்பிய ஆணையர்; அவர் ஓய்வுபெற்ற பொறியியல் பேராசிரியர், மூக்குக்கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். எங்கள்மேல் வழக்குப் போட்ட கம்பெனியின் வக்கீலம்மா. எங்கள் வக்கீல், தொண்டை கட்டியவர். பட்டறைக்குச் சொந்தக்காரியான என் அக்கா. அக்காவின் கொழுந்தன், முன்பு இங்கே வேலை செய்தவன், இப்போது கம்பெனியின் ஆள். பிறகு நான்.

வராதவர், அக்காவின் கணவர். ஒரு பக்கம் பெண்டாட்டி, மறுபக்கம் கூடப்பிறந்த தம்பி. "யாரு ஜெயிச்சாலும் திட்டு எனக்குத்தான் விழும்" என்று சொல்லிவிட்டு, தலைவலி என்று போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

கொழுந்தனைப் பட்டறையில் எல்லோரும் சின்னவர் என்றுதான் கூப்பிடுவார்கள். பெயரிலேயே மரியாதை இருப்பதால் நான் தனியாகக் கொடுப்பதில்லை. எனக்கும் அவனுக்கும் ஏறக்குறைய ஒரே வயது.

வழக்கு என்னவென்று சொல்லிவிடுகிறேன். கரியிழைத் துணியை ஒருவகைப் பிளாஸ்டிக்கில் ஊறவைத்து இறுக்கிய தகடுகள் வரும். இரும்பைவிடப் பலம், அட்டைப் பெட்டி மாதிரி எடை. இரண்டு தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அச்சில் வைத்து, மேலே மின்சாரத்தில் சூடாக்கும் காயிலை ஓட்டினால் நடுவிலிருக்கும் பிளாஸ்டிக் உருகும். அப்படியே அழுத்திப் பிடித்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். பசை கிடையாது, ஆணி கிடையாது. விமான இருக்கைகளுக்கு அடியில் வரும் தாங்கிகளை அக்கா இப்படித்தான் செய்துகொடுக்கிறாள். உட்காருகிறவர் யாரும் குனிந்து பார்க்கப்போவதில்லை. பார்க்க நேர்ந்தால் அது நல்ல நாளாக இருக்காது.

இந்த வேலையில் கஷ்டம் உருக்குவதில் இல்லை, அழுத்தத்தை எப்போது விடுவது என்பதில் இருக்கிறது. சீக்கிரம் விட்டால் அடுக்குகள் உள்ளே உப்பிக்கொள்ளும். தாமதமாக விட்டால் தகடு அச்சோடு ஒட்டிக்கொண்டு, பெயர்க்கும்போது விளிம்பு பிய்ந்து வரும். அதனால் ஒருத்தர் தகட்டை அழுத்தும் லிவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார், இன்னொருவர் குனிந்து தகட்டின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருப்பார். உருகி வழிந்த பிளாஸ்டிக்கின் பளபளப்பு மங்கும். பிறகு தகடு கொஞ்சம் சுருங்கி, அதற்கும் அச்சுக்கும் நடுவே மயிரிழை அளவு இடைவெளி தெரியும். தெரிந்ததும் பார்க்கிறவர் குரல் கொடுப்பார். லிவர் மேலே போகும். அடுத்த நொடியே, தகடு அச்சில் இருக்கும்போதே, பித்தளைக் கம்பியால் ஓரமாகத் தட்டிக்கொண்டு போவோம். நன்றாகப் பிடித்த இடம் கணீரென்று பேசும். பிடிக்காத இடம் டொக்கென்று சொல்லும். டொக் வந்த இடத்தில் உடனே காயிலைத் திரும்ப வைத்துவிட்டால் பிழைத்துக்கொள்ளும். முழுக்கக் குளிர்ந்து அச்சிலிருந்து எடுத்த பிறகு தெரிந்தால், குப்பைதான். தகட்டின் விலைக்கு நாலு குப்பை விழுந்தால் பட்டறையை மூடவேண்டியதுதான்.

கம்பெனி காப்புரிமை வாங்கி வைத்திருந்தது இதற்குத்தான். 'தகடுகளுக்கிடையிலான பற்று ஆறுவதற்கு முன்பே, ஒலியாலோ வெப்பத்தாலோ அதைச் சோதித்து, குறை தெரிந்த இடத்தை அச்சிலிருந்து எடுக்காமலே மறுபடி சூடாக்கும் முறை.' அவர்களிடம் வெப்பத்தைப் படம் பிடிக்கும் காமிரா இருக்கிறது, எங்களிடம் பித்தளைக் கம்பி இருக்கிறது. இரண்டும் அந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கிவிடும். கண்டுபிடித்தவர்கள் என்று இரண்டு பெயர்கள். முதலாவது அவர்களுடைய ஆராய்ச்சித் தலைவர். இரண்டாவது சின்னவர்.

அவர்கள் விண்ணப்பிப்பதற்கு முன்பிருந்தே நாங்கள் இப்படித்தான் செய்துவந்தோம் என்று நிரூபித்தால் எங்களைத் தடுக்கமுடியாது. நிரூபிக்காவிட்டால் லிவருக்கு சீல் வைத்துவிடுவார்கள். அக்காவுக்கு வேறு தொழில் தெரியாது. தெரிந்தாலும் செய்யமாட்டாள்.

அந்தக் காலத்தில் பட்டறையில் வேலை பார்த்தவர்கள் மூன்றே பேர். அக்கா, சின்னவர், இரவு ஷிப்டுக்கு நான். அக்கா பிரதிவாதி. சின்னவர் எதிர்த்தரப்பு. சாட்சிக்கு மிச்சம் நான்தான். இதைவிட மோசமான ஆளைத் தேடினாலும் கிடைத்திருக்கமாட்டான்.

ஆணையர் வருவதற்கு முன்பு, கோர்ட்டில் என்னைக் கூண்டில் ஏற்றியதும் வக்கீலம்மா கேட்டாள்.

"என்ன படிச்சிருக்கீங்க?"

"பாதி."

"எதுல பாதி?"

"பொறியியல்ல. மூணாவது வருஷம் விட்டுட்டேன்."

"இப்ப என்ன வேலை?"

"குளிர்பதனக் குடோன்ல நைட் ஷிப்ட். உறைஞ்ச பெட்டிய ஒரு மூலையில இருந்து இன்னொரு மூலைக்கு மாத்தணும்."

"சரி. நீங்க கொடுத்த வாக்குமூலத்துல ஒரு வரி. 'லிவரைத் தூக்கி, ஆறின பிறகு கம்பியால் தட்டிப் பார்ப்போம்.' நீங்க சொன்னதுதானே?"

"ஆமா."

"ஆறின பிறகுன்னா?"

"ஆறின பிறகுன்னா ஆறின பிறகுதான்."

"ரொம்ப நன்றி" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள். எங்கள் வக்கீல் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினார். எதற்கு நன்றி சொன்னாள் என்று எனக்குக் கூண்டை விட்டு இறங்கும் வரை உறைக்கவில்லை. காப்புரிமை, ஆறுவதற்கு முன்பு சோதிப்பதற்கு. எங்கள் சாட்சியே, ஆறின பிறகுதான் சோதித்தோம் என்கிறான். அப்படியானால் கம்பெனிக்கு முன்பு அதை யாரும் செய்யவில்லை. வேலை முடிந்தது.

அன்று சாயங்காலம் அக்கா வாசற்படியிலேயே பிடித்துக்கொண்டாள்.

"டேய், உன் வாய்ல என்னத்தடா வச்சிருக்க? ஆறின பிறகா? கைய வச்சா தோல் உரிஞ்சு வரும். அதுவா ஆறினது?"

"நம்ம அப்படித்தானக்கா சொல்லுவோம்?"

"பட்டறைல சொல்றத பட்டறைல சொல்லு. கோர்ட்டுல மனுஷங்க பாஷைல சொல்லு."

அவள் சொன்னது சரிதான். ஆனால் அந்தச் சொல்லை வைத்தது நான் இல்லை. சின்னவர் எதையும் கொதிக்கக் கொதிக்கத்தான் குடிப்பான். அடுப்பிலிருந்து இறக்கின டீயை ஊதாமல் அப்படியே வாயில் விடுவான். மற்றவர்கள் டம்ளரைத் துண்டால் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, "ஆறிப்போச்சு அண்ணி, வேற போடுங்க" என்பான். நாக்கா, தார் ரோடா என்று அக்கா கேட்பாள். அதே நாக்குத்தான் அச்சின் பக்கத்தில் நின்று முதன்முதலில் "ஆறிடுச்சு, எடு" என்றது. அக்கா சிரித்துக்கொண்டே லிவரைத் தூக்கினாள். பற்று சரியாக வந்திருந்தது. அன்றிலிருந்து பட்டறையில் அதுதான் சொல். அவன் பார்ப்பான், அவள் தூக்குவாள். மற்ற நேரமெல்லாம் அண்ணி, வாங்க, போங்க என்று மரியாதையாகப் பேசுகிறவன், அச்சுக்குப் பக்கத்தில் மட்டும் 'எடு' என்பான். ஒரு 'ங்க' சேர்க்கிற நேரத்தில் ஒரு தகடு போய்விடும். இரவு ஷிப்டில் நானும் அதையே சொன்னேன். மூன்று பேரும் வருஷக்கணக்கில் சொன்னோம். அதற்கு வெளியே வேறு அர்த்தம் இருக்கிறது என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

எங்கள் வக்கீல் தொண்டை கட்டினவரே தவிர மூளை கட்டினவர் இல்லை. சொல்லின் பொருளே தகராறு, அதனால் அந்தச் சொல் எந்தச் சூட்டில் சொல்லப்படுகிறது என்பதைப் பட்டறையிலேயே பார்க்கவேண்டும் என்று மனுப் போட்டார். நீதிமன்றம் ஆணையரை அனுப்பியது. எந்திரத்தில் நாங்கள் ஏதாவது கைவைத்திருக்கிறோமா என்று பார்க்க ஒரு ஆளைக் கூட்டிவரலாம் என்று கம்பெனிக்கும் அனுமதி. இந்த எந்திரத்தைத் தெரிந்தவன் அவர்களிடம் ஒருத்தன்தான்.

அப்படித்தான் சின்னவர் பல வருஷம் கழித்து உள்ளே வந்தான். கழுத்தில் கம்பெனி அட்டை. புதுச் செருப்பு. நான் இரவு வேலை முடித்துத் தூங்காமல் வந்திருந்தேன்.

"என்ன மச்சான், கண்ணு ரெண்டும் கோவப்பழமா இருக்கு? இன்னும் அதே குளிர் குடோனா?"

"நீ சூடான இடமா பாத்துப் போன. எனக்குக் குளிர் போதும்."

"கோர்ட்டுல பேசினியாமே."

"ஆமா. உங்க வக்கீலம்மா தேங்க்ஸ் சொன்னாங்க."

சிரிக்க வாயெடுத்தவன் அக்கா வருவதைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். அவள் தட்டில் காகித டம்ளர்களை வைத்துக் கொண்டுவந்தாள். கோர்ட்டு ஆள் வந்திருக்கிறார், டீ கொடுக்காமல் விட்டால் அதற்கும் ஒரு மனுப் போடுவார்கள் என்பது அவள் கணக்கு. வக்கீலம்மா டம்ளரை விளிம்பில் பிடித்து ஊதினாள். ஆணையர் மேசைமேல் வைத்துவிட்டார். சின்னவர் ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் காலி டம்ளரைக் கசக்கினான். அக்கா அவனைப் பார்க்கவில்லை. அவன் கசக்கின சத்தம் கேட்டதும் தட்டை மட்டும் அவன் பக்கம் நீட்டினாள். அவன் அதில் போட்டான்.

அவன் எந்திரத்தைச் சுற்றிப் பார்த்தான். காயிலின் வயரைத் தொட்டுப் பார்த்தான், லிவரின் ஸ்பிரிங்கை அழுத்திப் பார்த்தான். "எல்லாம் பழையபடிதான் இருக்கு" என்று ஆணையரிடம் சொன்னான். பிறகு குரலைத் தாழ்த்தி, "பிரதிவாதி எதையும் மாத்தல" என்றான். பிரதிவாதி என்ற சொல் வந்தபோது அக்கா கையுறையின் விரல்களை ஒவ்வொன்றாக இழுத்து மாட்டிக்கொண்டிருந்தாள்.

ஆணையர் தன் பையிலிருந்து ஒரு வெப்பமானியை எடுத்தார். மெல்லிய கம்பியை இரண்டு தகடுகளுக்கும் நடுவே ஓரத்தில் செருகி, எண் தெரிகிற பக்கத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார்.

"எண் எனக்கு மட்டும் தெரியும். நீங்க வழக்கமா எப்படிச் செய்வீங்களோ அப்படியே செய்யுங்க. யாரு குரல் கொடுக்கறது?"

"என் தம்பி" என்றாள் அக்கா.

வக்கீலம்மா உடனே முன்னால் வந்தாள். "சார், ஆட்சேபம். இவர் அந்தம்மாவோட தம்பி. எந்தச் சூட்டுல சொன்னா லாபம்னு தெரிஞ்ச ஆள். கொதிக்கும்போதே ஆறிடுச்சும்பாரு. அதுக்கு என்ன மதிப்பு?"

"எழுதிக்கறேன்மா" என்றார் ஆணையர். எழுதிக்கொண்டார். பிறகு பேனாவை மூடாமல் என்னைப் பார்த்தார். "அவங்க சொல்றதுலயும் விஷயம் இருக்கு தம்பி. இருந்தாலும் பார்ப்போம்."

விஷயம் இருந்தது. அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். எங்கள் வக்கீல் ஏதோ பதில் சொல்ல வாயைத் திறந்தார், காற்றுத்தான் வந்தது.

அக்கா காயிலை ஓட்டினாள். அந்த முனகல் சத்தம் கிளம்பியதும் பட்டறை பழைய பட்டறையாகிவிட்டது. சூடான பிளாஸ்டிக்கின் வாசனை வந்தது, தீய்ந்த நகம் மாதிரி. வக்கீலம்மா கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டாள். காயில் தகட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய் நின்றது. அக்கா லிவரை இறக்கி முழு எடையையும் போட்டுப் பிடித்தாள். நான் குனிந்து விளிம்பைப் பார்த்தேன்.

பளபளப்பு இருந்தது. கொஞ்ச நேரத்தில் மங்க ஆரம்பித்தது. அடுத்து அந்த மயிரிழைக்காகக் காத்திருக்கவேண்டும். ஆயிரம் தடவை பார்த்ததுதான். ஆனால் அப்போதெல்லாம் நான் பார்த்தேன், வாய் தானாகச் சொன்னது. இப்போது வாய் என்னைக் கேட்டது. தெரிவது இடைவெளியா, இல்லை இருக்கவேண்டும் என்று நான் ஆசைப்படுவதா? இப்போது சொன்னால் வேண்டுமென்றே சீக்கிரம் சொன்னான் என்பாள். இன்னும் கொஞ்சம் பொறுத்துச் சொன்னால் நம்புவார்கள். பொறுத்தால் சூடு இறங்கும். இறங்கினால் வழக்குப் போச்சு. முன்னும் போகமுடியவில்லை, பின்னும் போகமுடியவில்லை. இரவெல்லாம் விழித்த கண்ணில் அந்த விளிம்பு இரண்டாகத் தெரிந்தது.

அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. குரல் வராமல் லிவரைத் தூக்கக்கூடாது. அது அவளே போட்ட சட்டம். ஒருமுறை அவளாகத் தூக்கி, கீழே இருந்த சின்னவரின் விரல் வெந்துபோனதிலிருந்து. அவள் கழுத்து நரம்பு புடைத்திருப்பது தெரிந்தது. தகடு அச்சில் ஒட்ட ஆரம்பிக்கப்போகிறது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. எங்கள் வக்கீலின் தொண்டை எனக்கும் ஒட்டிக்கொண்டது போல இருந்தது.

"ஆறிடுச்சு, எடு!"

லிவர் மேலே போய்விட்டது. அதற்குப் பிறகுதான் எல்லோரும் நிமிர்ந்தோம்.

சொன்னது சின்னவர். குப்பைத் தொட்டியின் பக்கத்தில் கைகளைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு நின்றவன், எப்போது கைகளை வெளியே எடுத்தான், எப்போது குனிந்தான் என்று நான் பார்க்கவில்லை. இப்போது எந்திரத்தைச் சுற்றித் தரையில் போட்ட மஞ்சள் கோட்டின்மேல், முழங்காலில் கைகளை ஊன்றி, பழைய இடத்திலிருந்து பார்க்கிற அதே கோணத்தில் தலையைச் சாய்த்து நின்றான். கழுத்திலிருந்த அட்டை முன்னால் தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. நான் வேலையைக் கெடுக்கப்போகிறேன் என்ற எரிச்சல் மட்டும் அவன் முகத்தில் இருந்தது. என்ன சொன்னோம் என்பது அவனுக்கு இன்னும் எட்டவில்லை.

ஆணையர் முதலில் வெப்பமானியைப் பார்த்தார். எழுதினார். பிறகுதான் தலையை உயர்த்தினார்.

"நூற்று எண்பத்து நாலு" என்றார். "தண்ணி கொதிக்கறது நூறுல."

அக்காவின் கை நிற்கவில்லை. பித்தளைக் கம்பி ஏற்கெனவே தகட்டின்மேல் போய்க்கொண்டிருந்தது. டங், டங், டங், டங். வலது ஓரத்துக்கு வந்ததும் டொக்.

"வலது ஓரம்" என்றாள் அக்கா.

"வலது ஓரம்" என்றான் சின்னவர், அதே நேரத்தில். காயிலை எடுத்துக்கொடுக்க ஒரு அடி எடுத்தும் வைத்துவிட்டான்.

"நீங்க பின்னாடி வாங்க!" என்று வக்கீலம்மா கத்தினாள். "தயவுசெய்து வாயத் திறக்காதீங்க."

அப்போதுதான் அவனுக்கு எட்டியது. மஞ்சள் கோட்டைப் பார்த்தான். பிறகு ஆணையரின் பேனாவைப் பார்த்தான். அக்கா அவனுக்காகக் காத்திருக்காமல் காயிலை எட்டி எடுத்து வலது ஓரத்தில் வைத்தாள். முனகல் மறுபடி கிளம்பியது.

வக்கீலம்மா ஆணையரிடம் போனாள். "சார், இது சாட்சியம் ஆகாது. அவரு இங்க வேலை செஞ்சப்ப இருந்த பழக்கம். யோசிக்காம வாய்ல வந்துடுச்சு."

"பழக்கத்தப் பாக்கத்தானேம்மா என்னை அனுப்பியிருக்காங்க."

"அது இப்பப் பழக்கம் இல்ல சார். பழைய பழக்கம்."

ஆணையர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மார்பில் தொங்கவிட்டார். "அதத்தான் நானும் எழுதறேன். பழசா புதுசாங்கறதுதானே உங்க வழக்கு?"

வக்கீலம்மா வாயை மூடிக்கொண்டாள். கெட்டிக்காரி. அடுத்து எதைச் சொன்னாலும் அதுவும் எழுதப்படும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. எங்கள் வக்கீல் மெதுவாக என் பக்கத்தில் வந்து, கிடைத்த கொஞ்சம் குரலில், "நீங்க பேசாம இருந்தீங்க பாருங்க, அதுதான் உங்க நல்ல சாட்சியம்" என்றார். பாராட்டா திட்டா என்று கேட்கவில்லை. இரண்டில் எதுவானாலும் தகும்.

ஆணையர் நடந்ததையெல்லாம் எழுதி உரக்கப் படித்தார். யார் குனிந்தார், யார் குரல் கொடுக்கவில்லை, யார் கொடுத்தார், எந்தச் சூட்டில், பிறகு யார் எங்கே தட்டினார், குறை எந்தப் பக்கம், எடுக்காமலே எப்படிச் சரிசெய்தார்கள். கேட்பதற்குக் காப்புரிமைப் பத்திரத்தை யாரோ கதையாகச் சொல்வது போலவே இருந்தது. இரண்டு வக்கீல்களும் கையெழுத்துப் போட்டார்கள். சின்னவரும் போட்டான். எழுத்து கோணலாக வந்தது. அந்த வெந்த விரல் இன்னும் சரியாக மடங்காது.

எல்லோரும் வெளியே போனார்கள். வக்கீலம்மா காருக்குப் பக்கத்தில் நின்று யாருக்கோ போன் செய்தாள். நீளமாகப் பேசினாள். பிறகு சின்னவரிடம் ஏதோ சொல்லிவிட்டு அவனை ஏற்றாமலே காரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவன் கொஞ்ச நேரம் தெருவிலேயே நின்றான். செருப்பின் தூசியைத் தட்டினான். பிறகு திரும்பி உள்ளே வந்தான்.

அக்கா தகட்டை அச்சிலிருந்து எடுத்து விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் வேணும்னு சொல்லல அண்ணி."

"தெரியும்டா. வேணும்னு சொல்றதா இருந்தா நீ வேற மாதிரி சொல்லுவ. பத்திரத்துல எழுதி, ரெண்டாவது பேரா போட்டுச் சொல்லுவ."

அவன் அச்சின் விளிம்பைத் தடவினான். "அன்னைக்கு நான் உங்ககிட்டதான் முதல்ல சொன்னேன். இதுக்குக் காப்புரிமை வாங்கலாம், நம்ம பேர்ல வாங்கலாம்னு. நீங்க சிரிச்சீங்க."

"தட்டிப் பாக்கறதுக்கெல்லாமா பத்திரம்னு சிரிச்சேன். ஆமா."

"வாடிக்கைக்காரங்க முன்னாடி சிரிச்சீங்க."

அக்கா தேய்ப்பதை நிறுத்தினாள். இதை அவள் மறந்திருக்கவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது. நானும் அங்கே இருந்தேன். இரண்டு வாடிக்கைக்காரர்களும் கூடச் சேர்ந்து சிரித்தார்கள். அவன் காது சிவந்தது. அதற்கடுத்த மாதம் அவன் வரவில்லை.

"சிரிச்சது தப்பு" என்றாள். "அதுக்கு நீ என்கிட்ட சண்டை போட்டிருக்கலாம். கம்பியத் தூக்கி அடிச்சிருக்கலாம். வாங்கிக்கிட்டிருப்பேன். நீ என் லிவருக்கு சீல் வைக்க ஆள் கூட்டிட்டு வந்த."

"கம்பெனிதான் கேஸ் போட்டுச்சு. நான் போடல."

"எந்த எந்திரம், எங்க இருக்கு, எப்படித் தட்டுவாங்கன்னு கம்பெனிக்குக் கனவுல வந்துச்சா?"

அவன் அட்டையைக் கழற்றிப் பாக்கெட்டில் வைத்தான். "ஆபீசுக்கு வர வேணாம், கூப்பிடறோம்னு சொல்லியிருக்காங்க" என்றான்.

"கூப்பிட மாட்டாங்க" என்றேன். அவன் தலையாட்டினான்.

"அண்ணன் எப்படி இருக்காரு?"

"தலைவலின்னு படுத்திருக்காரு" என்றாள் அக்கா.

"நிஜத் தலைவலியா?"

"நிஜத் தலைவலி இங்க நிக்குது."

அவன் சிரித்துவிட்டான். நானும் சிரித்தேன். அக்காவின் உதடும் ஒரு பக்கம் இழுத்தது. அதை அவன் பார்த்துவிட்டான். பார்த்திருக்கக்கூடாது. அந்தத் தைரியத்தில் அவன் சுவரிலிருந்த ஆணியைப் பார்த்தான். அவனுடைய பழைய கையுறை இன்னும் அங்கேதான் தொங்கிக்கொண்டிருந்தது. அதை யாரும் எடுக்கவில்லை, யாரும் மாட்டிக்கொள்ளவும் இல்லை.

"இந்தப் பீஸுக்கு அடுத்தது போடப்போறீங்களா?" என்றான். "குரல் கொடுக்க ஆளு வேணுமில்ல. மச்சான் தூங்கி விழறான்."

அவன் சொன்னதில் பொய் இல்லை. நான் நின்றுகொண்டே தூங்கிக்கொண்டிருந்தேன். அக்காவுக்குக் குரல் கொடுக்க ஆள் தேவை என்பதும் உண்மை. நான் கொடுத்தால் எப்படி இருக்கும் என்று சற்றுமுன்தான் ஊரே பார்த்தது. அவள் கையுறையைப் பார்த்தாள், அவன் விரலைப் பார்த்தாள், பிறகு கையிலிருந்த தகட்டின் வலது ஓரத்தைப் பித்தளைக் கம்பியால் ஒருதடவை தட்டினாள். கணீரென்றது. கீழே வைத்தாள்.

"அண்ணி" என்றான். குரல் இறங்கியிருந்தது. "இன்னும் ஆறலையா?"

"யார் கணக்குல கேக்கற?"

அவன் அச்சின் விளிம்பைத் திரும்பத் தடவினான்.

"உன் கணக்குல எப்பவோ ஆறிடுச்சு. நீ கொதிக்கறதயே குடிக்கறவன்." கையுறையைக் கழற்றினாள். "நான் கைய வச்சுப் பாக்கறவ. எனக்கு நாளாகும்."

"எத்தன நாளு?"

"எனக்குள்ள குரல் வந்தா தூக்குவேன். இன்னும் வரல."

அவன் வாசலுக்கு நடந்தான். படியில் ஒருமுறை நின்றான், ஆனால் திரும்பவில்லை. எங்கள் பட்டறைக் கதவை வேலை நேரத்தில் பூட்டும் வழக்கம் கிடையாது. சூடு வெளியே போகவேண்டும் என்று திறந்தே கிடக்கும். சின்னவர் தெருவில் இறங்கியதும் அக்கா போய் இரண்டு கதவுகளையும் இழுத்துச் சாத்தினாள். துருப்பிடித்த தாழ்ப்பாளைத் தோளால் முட்டிப் போட்டு, பூட்டைத் தொங்கவிட்டு, சாவியை இரண்டு தடவை திருப்பினாள்.